பியூஸ் இருந்த இடத்தில் வெள்ளித்தாள்

எரிந்த காரை ஒரு சுற்று சுற்றி வந்தேன். எரிந்த பொருள் பொய் சொல்லாது என்பார்கள் சிலர். நான் அதையும் நம்புவதில்லை. கார் மனிதன் செய்த பொருள்தானே, அதற்கு மட்டும் என்ன யோக்கியதை?

காவல் நிலையத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அது நின்றது. முன்பாதியில் வெள்ளை பெயிண்ட் அப்படியே இருந்தது. பின்பாதி கரி. பின் சீட் இருந்த இடத்தில் ஸ்பிரிங்குகள் மட்டும் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தன.

"அண்ணே, முன்பக்கம் ஷோரூம், பின்பக்கம் அடுப்படி" என்றான் விசில்.

விசில் என் கூட்டாளி. பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலை போனது, விசிலும் போனது, வாய் மட்டும் போகவில்லை. எனக்கு இருக்கும் சந்தேகப் புத்தியையும் அவனுக்கு இருக்கும் வாயையும் வைத்துத்தான் எங்கள் துப்பறியும் தொழில் ஓடுகிறது.

விஷயம் இதுதான். காரின் சொந்தக்காரர் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். லீவு விட்டால் மனிதரைக் காருக்கு அடியில்தான் பார்க்கலாம். பழைய காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தி, கூடுதல் விளக்கு, புது ஹாரன், பின்னால் வருவதைக் காட்டும் கேமரா, பின் சீட்டில் இருப்பவருக்கு ஒரு குட்டி ஃபேன் என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டியிருந்தார். கால் ஒடிந்து மாவுக்கட்டு போட்டிருந்த தன் அண்ணனைப் பின் சீட்டில் கால் நீட்டி உட்கார வைத்து, எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சக்கர நாற்காலி எடுத்துவர உள்ளே போனார். திரும்பி வந்தபோது பின் சீட் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் சாய்ந்திருந்த பக்கத்துக் கதவில் உள்பக்கக் கைப்பிடி இல்லை. வெளியே இழுத்துப் போட்டபோது உயிரும் இல்லை.

அண்ணன் தம்பிக்குள் அப்பா விட்டுப்போன வீட்டுக்காகக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்? கொலை என்று எழுதிவிட்டார்.

எங்களைக் கூப்பிட்டது அச்சகக்காரரின் மனைவி. "அவரு செஞ்சிருக்க மாட்டாருங்கய்யா. எப்படியாச்சும் வெளிய கொண்டாந்துடுங்க" என்று ஒரே பேச்சாக நின்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கட்டினவள் சொல்வதை எப்போதுமே பாதிதான் எடுத்துக்கொள்வேன்.

காவலுக்கு நின்ற ஏட்டு பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "பார்த்துட்டுக் கிளம்புங்க பெரியவரே. பார்க்க ஒண்ணுமில்ல. ஆளு ஒத்துக்கிட்டாச்சு."

"பானெட்டைத் தூக்கலாமா?"

"தூக்குங்க. எரிஞ்ச வண்டி, ஓட்டிட்டா போகப் போறீங்க?"

தூக்கினேன். பேட்டரிக்குப் பக்கத்தில், வீட்டில் செய்து மாட்டிய, பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று. தீ இந்தப் பக்கம் வரவேயில்லை. உள்ளே வரிசையாகப் பியூஸ்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அச்சடித்த மாதிரி கையெழுத்தில் பெயர்: விளக்கு, ஹாரன், கேமரா, ஃபேன். ஒயர்கள் ஒன்றோடொன்று உரசாமல் குழாய்க்குள் போய், மடங்கும் இடத்திலெல்லாம் கட்டுப்போட்டு நின்றன.

"கல்யாணப் பொண்ணுக்குத் தலை பின்னின மாதிரி பின்னியிருக்காரு. இந்த ஆளு எங்க பஸ்ஸுக்கு மெக்கானிக்கா இருந்திருந்தா நான் இன்னும் வேலையில இருந்திருப்பேன்" என்றான் விசில்.

"ஃபேன் பியூஸப் பாரு."

பார்த்தான். அதன் மேல் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது.

பியூஸ் சின்ன சாமான்தான். மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால் அது தான் எரிந்து ஒயரைக் காப்பாற்றும். அது போய்விட்டதே என்று மேலே வெள்ளித்தாளைச் சுற்றினால் ஃபேன் ஓடும். ஆனால் அப்புறம் காப்பாற்ற ஆள் கிடையாது, ஒயரே எரியும். பின் சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். ஃபேன் ஒயர் போன இடத்தில் சீட்டின் இரும்புத் தண்டு இருந்தது. சீட்டைத் தள்ளத் தள்ள ஒயரின் தோல் தேய்ந்திருக்கிறது. அவ்வளவு சுத்தமான வேலைக்காரர் சறுக்கியது அந்த ஒரு சாண் இடத்தில்தான். அந்தத் தேய்மானத்தால்தான் பியூஸ் போயிருக்கிறது. அது போனதோடு விட்டிருந்தால் யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

"இந்தத் தாளை போட்டோ எடுத்து அவர்கிட்ட காட்டினோம்" என்றார் ஏட்டு. "அதுவரைக்கும் தலையில அடிச்சுக்கிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாது, ஐயோ அண்ணான்னு ஒரே அழுகை. போட்டோவ வாங்கிப் பார்த்தாரு. அழுகை அப்படியே நின்னுபோச்சு. 'நான்தான் சார் சுத்தினேன், வேணும்னுதான் சுத்தினேன்'னாரு. கையெழுத்தும் போட்டுட்டாரு."

"அடிச்சீங்களா?"

"இன்ஸ்பெக்டர் கையை ஓங்கக்கூட இல்ல."

விசில் என்னைப் பார்த்தான். "அண்ணே, டிக்கெட் எடுக்காதவன்கூட செக்கர் சட்டையைப் பிடிச்சப்புறம்தான் ஒத்துக்குவான். இவரு படத்தைப் பார்த்தே ஒத்துக்கிட்டாரே."

"பியூஸுக்குக் கீழே பேர் எழுதி வைக்கிறவன் மேல தாளைச் சுத்துவானாடா?"

"மாட்டான்."

"அப்ப வேற யாரோ சுத்தியிருக்காங்க. யாருன்னு போட்டோவப் பார்த்ததும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் வாயை மூடிட்டாரு."

தாளைக் கிட்டே போய்ப் பார்த்தேன். ரிப்பன் மாதிரி நீளவாக்கில் மடித்து, நுனியைப் பல்லால் கடித்து நசுக்கிச் சுற்றியிருந்தார்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு, பாதி அறுந்த எழுத்துகள். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாள். விசில் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

*

மருந்துக்கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். பார்த்த உடனே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வயித்தெரிச்சல் மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு."

"இதை யாரெல்லாம் வாங்குவாங்க?"

"யாரு வாங்க மாட்டாங்கன்னு கேளுங்க, சொல்றேன். காலையிலேர்ந்து இதைத்தான் கொடுத்துட்டு இருக்கேன்."

"அண்ணே, நல்ல துப்பு" என்றான் விசில். "குற்றவாளிக்கு வயிறு இருக்கு."

"உங்களுக்கும் ஒரு அட்டை தரட்டுமா?" என்றார் அந்த அம்மா.

"எனக்கு வேணாம். இவருக்குக் குடுங்க. யாரையும் நம்பாம நம்பாம உள்ள எல்லாம் வெந்துபோயிருக்கும்."

கடையை விட்டு இறங்கியதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "நம்ம கட்சிக்காரம்மா சொன்னது ஞாபகம் இருக்கா? அவங்க ஓரகத்தி, செத்தவரோட சம்சாரம், கைப்பையில மாத்திரை இல்லாம வெளிய கிளம்பாதாம். புருஷன் போயாச்சு, கொழுந்தன் ஜெயிலுக்குப் போயாச்சுன்னா வீடு யாருக்கு? நெஞ்செரிச்சலும் அங்க, லாபமும் அங்க."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு லேசாகச் சரியாக வந்ததே என்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. வழக்குப் போட்ட அண்ணன் மனைவிக்காக ஒரு மனிதன் கொலைப் பழியை வாங்கித் தலையில் போட்டுக்கொள்வானா? ஆனாலும் அந்த ஓரகத்தி சம்பவத்தன்று காலை காரின் பக்கத்தில் நின்றாளா என்று தெரிய வேண்டும். அச்சகக்காரர் வீட்டுக்கு நடந்தோம்.

*

அந்த வீட்டில் கடைக்குப் போய் ரிப்பேரான சாமான் ஒன்றுகூடக் கிடையாது. குழாயில் சைக்கிள் டியூப் கட்டு. நாற்காலிக் காலில் மரக்கட்டை ஒட்டு. அழைப்பு மணியை அமுக்கினால் பழைய கார் ஹாரன் அடித்தது. விசில் துள்ளி விழுந்தான்.

அவள் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் துணிகளை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

"ஏதாச்சும் கிடைச்சுதுங்களா?"

நான் கண்டதைக் கட்சிக்காரரிடம் உடனே சொல்வதில்லை. "இப்போதைக்குக் கேள்விதான்மா இருக்கு" என்றேன்.

ஜன்னல் கட்டையில் காரின் கதவுக் கைப்பிடி ஒன்று ரப்பர் பேண்டுகள் சுற்றிக் கிடந்தது. நான் பார்ப்பதைப் பார்த்தாள். "அதான்யா அந்தக் கைப்பிடி. உடைஞ்சிருந்துச்சு. ஒட்டி, நல்லா காயட்டும், நாளைக்கு மாட்டிக்கலாம்னாரு. போலீஸும் வந்து பார்த்தாங்க. கழட்டி வெச்சிருக்கான் பாரு, எல்லாம் திட்டம்னுட்டுப் போயிட்டாங்க."

"ஒயரைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"ஒயர்ல ஏதோ பண்ணி வெச்சாருன்னாங்க. என்னன்னு சொல்லல. கேட்டா விரட்டுறாங்க."

"அன்னைக்குக் காலையில உங்க ஓரகத்தி வந்தாங்களா?"

"அக்காவா? வந்தாங்களே. மூத்தாரைக் கைத்தாங்கலா புடிச்சு ஏத்திவிட்டாங்க. கொஞ்ச நேரம் கார்கிட்டயேதான் நின்னாங்க." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அவங்கதானாய்யா? எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு. ஏன்யா, புருஷனைப் போய்… இருங்க, வேர்க்குது உங்களுக்கு."

மேலே ஓடாமல் நின்ற ஃபேனுக்கு ரிமோட்டை நீட்டி அமுக்கினாள். ஓடவில்லை. உள்ளங்கையில் தட்டினாள். ஓடவில்லை.

"அக்காவுக்கு எங்க மேல எப்பவுமே ஒரு இதுதான். கேஸ் போட்டதுகூட அவங்க தூண்டிவிட்டுத்தான்…" பேசிக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். பின்பக்கத் தாளை நகத்தால் உரித்தாள். சிவப்புக் கோடு தெரிந்தது. "மூத்தாரு நல்லவருய்யா. வழக்கு ஒரு பக்கம் நடந்தாலும் இங்க வந்து சாப்பிடாம போக மாட்டாரு…" தாளை நீளவாக்கில் மடித்தாள். நுனியைப் பல்லில் வைத்துக் கடித்து நசுக்கினாள். ரிமோட்டின் முதுகைத் திறந்து, பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் செருகி மூடினாள். அமுக்கினாள்.

ஃபேன் ஓடியது.

விசில் என் முழங்கையைப் பிடித்தான். நான் தட்டிவிட்டேன்.

"இதை எங்கம்மா கத்துக்கிட்ட?"

"இதுல என்னய்யா கத்துக்கிறதுக்கு இருக்கு? எது லூசானாலும் தாளை வெச்சா ஓடும். அவருக்குத்தான் புடிக்காது. சோம்பேறி வைத்தியம்பாரு."

"கார் ஃபேனுக்கும் வெச்சியா?"

"ஆமாய்யா." கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். "அன்னைக்கு மூத்தாரு உக்காந்ததும் வேர்த்து ஊத்துச்சு. கட்டுக்குள்ள வேற அரிப்பு. ஃபேன் ஓடல. இவரு குளிச்சிட்டிருந்தாரு. பச்சை மூடி டப்பாவுலதான் எல்லாம் இருக்கும்னு எனக்குத் தெரியும். ஃபேன்னு எழுதியிருந்ததை எடுத்து, தாளைச் சுத்தி அமுக்கினேன். ஓடுச்சு. மூத்தாரு நீ நல்லா இரும்மான்னாரு."

"புருஷன்கிட்ட சொன்னியா?"

"சொல்றதுக்கு அதுல என்ன இருக்கு? அவசரமா கிளம்பிட்டாங்க."

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. பியூஸ் எதற்கு இருக்கிறது, தாள் என்ன செய்தது, போட்டோவைப் பார்த்ததும் அவள் புருஷன் என்ன சொன்னார், மூன்றையும் சொன்னேன்.

அவள் ஃபேனை நிறுத்தினாள். கீழே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பட்டன்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். எல்லாம் போட்டு முடிந்த பிறகும் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் வேணும்னு செய்யலைய்யா."

"தெரியும்மா. நீ சொல்லி அது எடுபட்டா, கொலை இல்ல, விபத்துன்னு ஆகும். கவனக்குறைவுன்னு உனக்குத் தண்டனை வரலாம். அவருக்குத் தூக்கோ ஆயுளோ இருக்காது."

"வாங்க" என்றாள். எழுந்து செருப்பை மாட்டினாள். கதவைப் பூட்டக்கூட இல்லை. விசில்தான் ஓடிப்போய்ப் பூட்டிவிட்டு வந்தான்.

*

இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டு, அவளை லாக்கப் கம்பிக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். நாங்களும் பின்னால் போனோம்.

அச்சகக்காரர் மெலிந்த மனிதர். விரல் இடுக்கில் மை இன்னும் போகவில்லை. மனைவியைப் பார்த்ததும் எழுந்தார். விஷயத்தை இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அடுத்த நிமிஷம் சிரித்தார்.

"இவளா? சார், இவளுக்கு பல்பு மாட்டத் தெரியாது. செருப்புக்கு வார் போடத் தெரியாது. பியூஸ் எங்க இருக்குன்னு கேளுங்க, மேல பார்ப்பா."

"ஏங்க இப்படிப் பேசுறீங்க? நான்தானே அந்தத் தாளை…"

"வாயை மூடு. யாரு சொல்லிக் குடுத்து ஒப்பிக்கிற? முட்டாள் சார் இவ. சுத்த முட்டாள். கட்டிக்கிட்ட நாளா இதுகூடத்தான் மாரடிக்கிறேன். அனுப்பிவிடுங்க சார்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரோ தெரியாத ஆள் திட்டியதுபோல அவரைப் பார்த்தாள்.

"சரி" என்றார் இன்ஸ்பெக்டர். "இதுக்கு எதுக்குப் பேச்சு? வாசல்ல ஜீப் வந்து நிக்குது. பானெட்டைத் தூக்கி, பியூஸ் எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டும்மா. காட்டிட்டா நீ சொன்னதை எழுதிக்கிறேன்."

"அது வேற வண்டி சார்" என்றேன். "இந்தம்மாவுக்குத் தெரிஞ்சது இவங்க வீட்டுக்காரர் தனியா மாட்டின டப்பா மட்டும்தான். பின்னாடி இவங்க காரே நிக்குதே, அதுல காட்டச் சொல்லுங்க."

"அதைத்தான் நீங்க காலையில வந்து குடைஞ்சு பார்த்துட்டுப் போனீங்களே பெரியவரே. ஏட்டு சொன்னாரு. பார்த்ததைப் போய்ச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

"தாளை இவங்க மடிச்ச விதத்தை நேர்லயே பார்த்தோம் சார். மாத்திரைகூட இவங்க வீட்டுல…"

"எங்க வீட்டுலயும்தான் அந்த மாத்திரை இருக்கு. மடிக்கிறதையும் நீங்களே பழக்கியிருக்கலாம்."

அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இந்த ஊரில் என்னைத் தவிர இன்னொருவனும் யாரையும் நம்புவதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கேஸ் புடிக்கப் போயி கேஸைக் கெடுத்துட்டு வந்திருக்கோம் அண்ணே" என்றான் விசில்.

ஜீப்பின் பானெட்டை ஏட்டு தூக்கிவிட்டார். அவள் கிட்டே போனாள். உள்ளே கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக, ஒன்றின் மேல் ஒன்றாக என்னென்னவோ இருந்தன. எதிலும் பேர் எழுதியிருக்கவில்லை. குனிந்து இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு மூடியைத் திருகித் திறந்தாள்.

"அது கண்ணாடி கழுவுறதுக்குத் தண்ணி ஊத்துற டப்பாம்மா" என்றார் ஏட்டு. வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள்.

"இருங்க" என்றாள். "இருக்கும். இங்கதான் எங்கயாச்சும் இருக்கும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை இன்னும் உள்ளே விட்டுத் துழாவினாள்.

லாக்கப்பின் சின்ன ஜன்னல் வாசல் பக்கம்தான் திறக்கும். அங்கிருந்து அச்சகக்காரரின் சத்தம் வந்தது.

"கையை எடும்மா! இப்பத்தான் ஓடி வந்து நின்ன வண்டி. என்ஜின் சுட்டுடும், கையை எடு!"

சற்று முன்னால் முட்டாள் என்று சொன்ன குரல் இல்லை அது. எல்லோரும் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டரும் திரும்பினார். ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். புரிந்ததை எழுத முடியாது. கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் மேசைமேல் இருக்கிறது.

அவள் கையை வெளியே எடுத்தாள். விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"சுடலைங்க" என்றாள் ஜன்னலைப் பார்த்து.

இன்ஸ்பெக்டர் பானெட்டை இறக்கிச் சாத்தினார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெருமுனை தாண்டும்வரை அவள் அந்தக் கையை விரிக்கவே இல்லை. விசில்தான் பிடித்து விரித்துப் பார்த்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்பளித்திருந்தது.